பண்டாரிமார் தெரு

இறால் கம்பெனி வேனில் டிரைவருக்குப் பின்னால் இருக்கிற சீட்டில் வேறு யாரும் உட்கார மாட்டார்கள். அது பிளாரன்ஸுக்கும் சரண்யாதேவிக்கும் உரியது. யாரும் பட்டா போட்டுக் கொடுக்கவில்லை. வேன் கிளம்பியதும் அந்த இரண்டு பேரும் சண்டையைத் தொடங்கினால் கம்பெனி வாசல் வரைக்கும் நிறுத்த மாட்டார்கள், நடுவில் அகப்பட்டவள் பாடு திண்டாட்டம், அதனால் மற்றவர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். சண்டை என்றால் முடியைப் பிடிக்கிற சண்டை இல்லை. இரண்டும் உயிர்ச் சிநேகிதிகள், ஒரே டப்பாவில் கைவிட்டுச் சாப்பிடுகிறவர்கள். ஒரு விஷயத்தில் மட்டும் ஒருத்தி கிழக்கு, ஒருத்தி மேற்கு.

வீட்டில் பெண்ணுக்கு நடக்கிற அநியாயத்துக்கு யாரைப் பிடித்துக் கேட்பது? கட்டினவனையா, இந்த உலகத்தையா? விஷயம் அவ்வளவுதான். ஆனால் அது தீருகிற விஷயமா என்ன?

பிளாரன்ஸ் உலகத்தைக் கேட்கிற கட்சி. கோயில் மகளிர் சங்கத்துக்குச் செயலாளர் அவள். மகளிர் தினத்தன்று மண்டபத்தில் மைக்கைப் பிடித்து, "ஒருத்தரைக் குத்தம் சொல்லி ஒண்ணும் ஆகப்போறதில்ல. பொறந்ததுலருந்து அப்படியே வளத்துட்டோம். தெருவு முழுக்க ஒரே மாதிரி இருக்கையில ஒரு ஆம்பளை தனியா என்ன செய்வாரு? மாத்தணும்னா மொத்தத்தையும் மாத்தணும்!" என்று ஒரு போடு போட்டாள். பெண்கள் கைதட்டினார்கள். ஆண்கள் அதைவிடப் பலமாகக் கைதட்டினார்கள். அப்போதே அவளுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை, சந்தோஷத்தில் இருந்தாள்.

சரண்யாதேவி ஸ்ரீவைகுண்டம் பக்கத்து வயக்காட்டுக் குடும்பத்துப் பெண், கல்யாணமாகி முத்தையாபுரத்துக்கு வந்தவள். அவள் வீட்டுக்காரர் செந்தூர்வேல் துறைமுகத்துக்கு டிரெய்லர் ஓட்டுகிறார். கல்யாணமான மறுவருஷமே தோசை சுடப் பழகிவிட்டார். பழக்கினது யார் என்று கேட்க வேண்டியதில்லை.

"ஏளா, நீ சொல்லுத மொத்தம் என்னைக்கு மாறி, என்னைக்கு வந்து உன் வீட்டுச் சட்டியைத் தேய்க்கப்போவுது? அவரவர் புருசனை அவரவர்தான் கேக்கணும். கேட்டாக் கெடைக்கும்" என்பாள் சரண்யாதேவி.

"அதையும் நாமளேதான் கேக்கணுமாக்கும்? சமைக்கிறதும் நாம, சமைக்கச் சொல்லிக்குடுக்கிறதும் நாம. நீ கேட்டே, செந்தூர்வேல் அண்ணன் கேட்டுக்கிட்டாரு, சரி. கேட்டதுக்கு அடி வாங்குனவ எத்தனை பேரு இந்த வேனுலயே இருக்கா! அவ சரியாக் கேக்கலைன்னு சொல்லுவியா?"

உடனே சரண்யாதேவி டப்பாவைத் திறந்து ஒரு பணியாரத்தை எடுத்துப் பிளாரன்ஸின் வாயில் திணித்துவிடுவாள். மறுநாள் காலையில் சண்டை மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பமாகும்.

ஆகஸ்ட் மாதம், மாதா கோயில் திருவிழா முடிந்த வாரம், மேனேஜர் பிளாரன்ஸைக் கூப்பிட்டனுப்பினார். காலை ஷிப்டுக்கு அவளைச் சூப்பர்வைசராகப் போடலாம் என்றிருக்கிறோம், திங்கட்கிழமை பதில் சொல்லு என்றார். அந்தக் கம்பெனியில் இறால் உரிக்கிறவர்கள், தரம் பிரிக்கிறவர்கள், ஐஸ் அள்ளிப் போடுகிறவர்கள் எல்லாரும் பெண்கள். பின்னால் நின்று விரலை நீட்டுகிறவர்கள் எல்லாரும் ஆண்கள். இந்த வேலைக்கு அவள் எத்தனை நாளாக ஏங்கியிருக்கிறாள் என்று யாருக்கும் தெரியாது. நானாக இருந்தால் இந்த மேசையைக் குழாய்ப் பக்கமாகத் திருப்பிப் போட்டிருப்பேன், நானாக இருந்தால் கழிப்பறைக்குப் போக ஒருத்தியைப் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கை தூக்க வைக்க மாட்டேன் என்று, இறாலின் ஓட்டைக் கழற்றிக்கொண்டே மனசுக்குள் அவள் ஒரு கம்பெனியே நடத்திக்கொண்டிருந்தாள்.

ஆனால் காலை ஷிப்டு சூப்பர்வைசர் விடியுமுன்னே அங்கே நிற்க வேண்டும். அந்த வேன் ஐந்து மணிக்கே தெருமுனைக்கு வந்துவிடும். அப்புறம் வீட்டில் இருக்கிற ஜெஸ்டினுக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் காலைப் பலகாரமும் மதியச் சோறும் யார் செய்வது?

"மாட்டேன்னு சொல்லப்போறேன்" என்றாள் வேனில்.

"உனக்கு என்ன கிறுக்கா பிடிச்சிருக்கு?" சரண்யாதேவி போட்ட சத்தத்தில் டிரைவர் பிரேக்கை மிதித்துவிட்டார்.

"பின்ன என்ன செய்ய? அவருக்கு வெந்நி வைக்கக்கூடத் தெரியாது. அவரைச் சொல்லி என்ன? எங்க தெருவுல எந்த ஆம்பளை குசினிக்குள்ள கால் வச்சிருக்கான்? கடல்ல கெடந்து வாராவோன்னு உக்காரவச்சுச் சோறு போட்டே பழகிட்டோம்."

"கடல்ல கெடந்தாருல்லா, அங்க என்ன பட்டினியாவா கெடந்தாரு?"

"அதுக்குன்னு தனியா ஆள் இருக்குமாம்ளா."

ஜெஸ்டின் முன்பு தோணியில் போனவன். மரத்தில் கட்டிய பெரிய சரக்குத் தோணி, தூத்துக்குடியிலிருந்து வெங்காயமும் சிமெண்டும் ஏற்றிக்கொண்டு மாலத்தீவுக்குப் போகும். பிள்ளைகள் வளரும் காலத்தில் வீட்டில் இருக்க வேண்டும் என்று தோணியை விட்டு இறங்கி, இப்போது துறைமுகத்தில் கப்பலுக்குக் கன்டெய்னர் கட்டுகிற வேலை பார்க்கிறான். நல்லவன். குடிக்க மாட்டான், கை நீட்ட மாட்டான், சம்பளத்தை அப்படியே கொண்டுவந்து கொடுத்துவிடுவான். சாப்பிட உட்கார்ந்தால் மட்டும் வாயைத் திறக்க மாட்டான். "எப்படி இருக்கு?" என்று கேட்டால் தட்டைவிட்டுக் கண்ணை எடுக்காமல் "ம்" என்பான். கல்யாணமான நாளிலிருந்து பிளாரன்ஸின் சமையலுக்குக் கிடைத்த பாராட்டு மொத்தமும் அந்த ஒரு "ம்"தான்.

அன்று சாயங்காலம் அவனிடம் கேட்டே பார்த்துவிட்டாள். "காலையில மட்டும் நீங்க ஒரு சோத்தை வடிச்சு, ஒரு ரசம்…"

"நானா? வெந்நி வைக்கவே எனக்குத் தெரியாதே பிளாரன்ஸு" என்றான் ஜெஸ்டின், முகத்தை அத்தனை பாவமாக வைத்துக்கொண்டு.

அவள் துணி மடிக்கிற சாக்கில் அறைக்குள் போய்க் கொஞ்சம் அழுதாள். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து இட்லிக்கு மாவாட்டினாள். திங்கட்கிழமை என்ன சொல்வது என்பதில் இனி யோசிக்க ஒன்றும் இல்லை என்று நினைத்துக்கொண்டாள்.

நடுவில் ஞாயிற்றுக்கிழமை ஒன்று இருந்ததே, அதை மறந்துவிட்டாள்.

கடல் மூர்க்கமாக இருக்கிற மாதங்களில் தோணிகள் கரையில் கிடக்கும். மறுபடியும் கடலில் இறங்குவதற்கு முன்னால், திருவிழா முடிந்த ஞாயிற்றுக்கிழமை, பழைய ஆள் புது ஆள் எல்லாரும் யாராவது ஒருவர் வீட்டில் கூடிச் சாப்பிடுவார்கள். இந்த வருஷம் ஜெஸ்டின் வீடு. தோணிக்குத் தலைமைக்காரரைத் தண்டல் என்பார்கள். தண்டல் வளன் வேறு யாருமில்லை, பக்கத்து வீட்டில் இருக்கிற ஜெஸ்டினின் அக்காள் அல்போன்சாவின் புருஷன். அவரும், எஞ்சின் பார்க்கிற சொரிமுத்துவும், இன்னும் நாலைந்து பேரும் கூடத்தில் பாய் விரித்து வரிசையாக உட்கார்ந்தார்கள். விளமீன் குழம்பு, இறால் தொக்கு, ஆவி பறக்கிற சோறு. அல்போன்சா மைனி கரண்டியும் கையுமாகப் பரிமாறினாள். கூடமாட உதவ வந்திருந்த சரண்யாதேவி அப்பளத்தட்டோடு நின்றாள். "நாளைக்குச் சரின்னு சொல்லுவியா மாட்டியா?" என்று குசினிக்குள் பிளாரன்ஸை அரித்தெடுத்துவிட்டுத்தான் அவள் கூடத்துக்கு வந்திருந்தாள்.

முதலில் வாயைத் திறந்தவன் சொரிமுத்து. கல்யாணமாகாத பையன், சூதுவாது தெரியாது. "குழம்பு அருமையா இருக்கு மைனி. புளிதான் ஒரு பொடி முந்திட்டு."

"முந்திட்டுன்னா?" என்று குசினியிலிருந்து வெளியே வந்தாள் பிளாரன்ஸ்.

"தேங்காய் அரைச்சு ஊத்துனப்பொறவு புளியை விடணும். அப்பத்தான் மீன் உடையாம நிக்கும்."

"போலே, கிறுக்குப்பயலே!" என்றார் வளன், வாயில் சோற்றோடு. "புளி முதல்ல கொதிக்கணும், பச்சை வாடை போவாண்டாமா? தேங்காய் கடைசிலதான். அடுப்பைத் தணிச்சுப்போட்டு, ஒரு கொதி வரவும் இறக்கிப்புடணும்."

"அண்ணாச்சி, வெந்தயத்தை வறுத்துப் பொடிச்சுப் போட்டா…" என்று மூன்றாவது ஆள் ஆரம்பித்தான். "சேச்சே, மீனுக்கு வெந்தயத்தை முழுசாத்தான் போடணும்" என்று நாலாவது ஆள் குறுக்கே விழுந்தான்.

ஜெஸ்டின் இவ்வளவு நேரம் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தான். கை சோற்றைப் பிசைகிறது, உதடு துடிக்கிறது. தொழில் தெரிந்தவன் எத்தனை நேரம்தான் அடக்கிக்கொண்டு இருப்பான்? "உங்க யாருக்குமே தெரியாது!" என்று வெடித்துவிட்டான். "புளி முந்துனா என்ன, பிந்துனா என்ன? மீனைப் போட்டப்பொறவு சட்டிக்குள்ள கரண்டியே வைக்கக் கூடாது. ரெண்டு பக்கமும் துணியால பிடிச்சு, அலை ஆடுத பக்கமாவே சட்டியையும் ஒரு சுழட்டு சுழட்டணும். மாலிக்குப் போகையில நான் வச்ச விளமீன் குழம்புல ஒரு துண்டு உடைஞ்சிருக்கா, மச்சான்? நீங்களே சொல்லுங்க!"

மச்சான் கண்ணால் ஜாடை காட்டினார். அல்போன்சாவின் கரண்டி அந்தரத்தில் நின்றுபோயிற்று, அதிலிருந்து குழம்பு சொட்டுச் சொட்டாகப் பாயில் விழுந்தது.

"நீங்க வச்ச குழம்பா?" என்றாள் பிளாரன்ஸ்.

"அது… கனாவுல வச்சதைச் சொல்லுதான் தங்கச்சி" என்று வளன் முட்டுக்கொடுத்துப் பார்த்தார். அதற்குள் சொரிமுத்து எல்லாவற்றையும் போட்டுடைத்துவிட்டான்.

"என்ன மைனி, தெரியாத மாதிரி கேக்கிய? தோணியில ஏறுதவன் எவனா இருந்தாலும் முதல்ல பண்டாரிதானே. அதான், சமையக்காரன். அடுத்த புது ஆள் வந்து ஏறுத மட்டுக்கும் கரண்டிதான் கையில. ஜெஸ்டின் அண்ணன் பண்டாரியா இருந்த காலத்தைப் பத்தி இன்னைக்கும் பேசுவாங்க. நம்ம தண்டலே நாலு வருசம் பண்டாரிதான்!"

வளன் கண்ணை மூடிக்கொண்டார். அல்போன்சா அவர் முன்னால் மெல்லக் குனிந்தாள். "நீரு நாலு வருசம் சமைச்சீரா?"

"ஆடுத தோணியில… அது ஒரு சமையலா…"

"எங்க அப்பா?"

வளன் சோற்றுக்குள் எதையோ தேடினார்.

"எங்க அப்பா சமைச்சாரான்னு கேக்கேன்."

"மாமா வைக்கிற ரசத்துக்குப் பக்கத்துத் தோணியிலருந்து கோப்பையைத் தூக்கிட்டு வருவாங்க" என்றார் வளன், மிகவும் மெதுவாக.

அல்போன்சா அப்படியே பாயில் உட்கார்ந்துவிட்டாள். "எங்கம்மா காய்ச்சல்ல ஈரத்துணியைத் தலையில போட்டுக்கிட்டுச் சோறு வடிப்பா. எங்கப்பா வாசல்ல உக்காந்து, ‘பாவம், பாவம்’னு சொல்லுவாரு. அவரு மனசு இளகுன மனசுன்னுல்லா நான் இத்தனை நாளும் நெனைச்சேன்." கண் நிறைந்துவிட்டது. சரண்யாதேவி அப்பளத்தட்டைக் கீழே வைத்துவிட்டு அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். அல்போன்சா மூக்கை உறிஞ்சினாள், கையை நீட்டி வளன் தட்டிலிருந்த பெரிய மீன் துண்டை எடுத்தாள், தன் வாயில் போட்டுக்கொண்டாள்.

பிளாரன்ஸ் ஜெஸ்டினைப் பார்த்தபடி நின்றாள். "வெந்நி வைக்கத் தெரியாதுன்னீங்களே."

"கரையேறிட்டாப் பண்டாரிப் பேச்சு கிடையாதுன்னு தோணியில ஒரு கட்டுப்பாடு. எங்க தாத்தா காலத்துலருந்தே அப்படித்தான். தெருவு முழுக்க அப்படித்தான்." ஜெஸ்டின் தலையைச் சொறிந்தான். திடீரென்று அவனுக்கு ஒரு தைரியம் வந்தது. "நீயே மண்டபத்துல சொன்னியே? தெருவு முழுக்க ஒரே மாதிரி இருக்கையில, ஒரு ஆம்பளை தனியா என்ன செய்வாருன்னு? எவ்வளவு கைதட்டு!"

மற்ற ஆண்கள் எல்லாரும் மூச்சு விட்டார்கள். ஆமா, ஆமா என்று தலையை ஆட்டினார்கள்.

பிளாரன்ஸுக்குக் கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. அவள் பேச்சு, அவள் சொல், ஒரு எழுத்து மாறவில்லை. அன்றைக்கு அவள் சொன்னது பொய்யா? ஒவ்வொரு சொல்லும் உண்மை. இந்த வழக்கம் ஜெஸ்டின் பிறப்பதற்கு முன்னாலேயே இங்கே இருந்தது. அவன் ஒருவன் உண்டாக்கினதில்லை. ஆனால் அவள் பெண்களுக்காகப் பேசிய பேச்சை எடுத்து இவன் போர்த்திக்கொண்டு படுத்துவிட்டானே! கோபம் தலைக்கேறியது. சரண்யாதேவி அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நான் சொன்னது ஒண்ணும் பொய்யில்ல" என்றாள் பிளாரன்ஸ். "இந்தக் கட்டுப்பாட்டை நீங்க உண்டாக்கல. ஒத்துக்கிடுதேன். ஆனா சின்னவ பொறந்து நான் எந்திரிக்க மாட்டாமக் கெடந்தப்போ, கடையில புரோட்டா வாங்கிட்டு வந்து வச்சது யாரு, தெருவா? இந்தா முந்தாநாள் நான் அழுத மூஞ்சியோட மாவாட்டுனேனே, அதைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தது யாரு கண்ணு, உங்க தாத்தா கண்ணா? தெரியாதுன்னு சொன்னது உங்க வாயி. உங்களோட ஒத்த வாயி."

ஜெஸ்டின் தலை கவிழ்ந்துவிட்டது.

"அப்படிக் கேளு!" என்றாள் சரண்யாதேவி. சொல்லிவிட்டு வரிசையாகக் குனிந்திருந்த தலைகளை ஒரு பார்வை பார்த்தாள். அவளுக்கும் கோபம் வந்துவிட்டது. "ஆனா பிளாரன்ஸு, இவரு ஒருத்தரைப் பிடிச்சு உலுக்கி என்ன செய்ய? தெருவே கூட்டுக் களவாணித்தனம்லா பண்ணியிருக்கு! இது ஒரு வீட்டு விவகாரம் இல்ல. மொத்தமாப் பிடிக்கணும்."

"மொத்தம் அப்புறம். முதல்ல இந்த ஆளை ஒரு வழி பண்ணணும்."

"ஒவ்வொரு ஆளாப் பிடிச்சா என்னைக்குத் தீரும்? எல்லாரையும் சேர்த்து மாத்தணும்ளா!"

"அவரவர் புருசனை அவரவர் கேட்டாத்தான்…"

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் நிறுத்தினார்கள். ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்கள். யார் எந்தக் கட்சி? வேனில் இவ்வளவு காலம் போட்ட சண்டையில் அவள் இடத்தில் இவளும் இவள் இடத்தில் அவளும் வந்து நின்றிருந்தார்கள். முதலில் பிளாரன்ஸுக்குத்தான் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. சரண்யாதேவி சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். என்ன ஏது என்று தெரியாமலே அல்போன்சா மைனியும் வாயில் மீனோடு சிரிக்க ஆரம்பித்தாள். சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் ஆண்கள் விழித்தார்கள்.

ஜெஸ்டின் மட்டும் சிரிக்கவில்லை. "வெக்கமா இருந்துச்சு" என்றான் தரையைப் பார்த்துக்கொண்டு. "தெருவுல பண்டாரின்னு கூப்பிட்டுருவானுவளோன்னு. வேற ஒண்ணும் இல்ல." அப்புறம் நிமிர்ந்து பார்த்தான். "நாளைக்குச் சரின்னு சொல்லிட்டு வா. நான் பாத்துக்கிடுதேன்."

சொல்லிவிட்டு வந்தாள்.

புதன்கிழமை அவளுக்கு முதல் ஷிப்டு. முதல் காரியமாக மேசையைக் குழாய்ப் பக்கம் திருப்பிப் போட்டாள். கழிப்பறைக்குப் போகக் கை தூக்கின ஒரு பெண்ணைப் பார்த்து, "கையை இறக்கு, போயிட்டு வா, இது என்ன பள்ளிக்கூடமா?" என்றாள். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே ஓடினாள். தானும் காலை ஷிப்டுக்கு மாறி வந்து மேசையில் இருந்த சரண்யாதேவி, "சூப்பர்வைசர் மேடம், ஐஸ் வரல" என்று வேண்டுமென்றே நீட்டி முழக்கிச் சொன்னாள். பிளாரன்ஸுக்கு அன்றைக்குக் கால் தரையில் பாவவில்லை.

மதியம் சரண்யாதேவியையும் இழுத்துக்கொண்டு தெருமுனையில் இறங்கினால், மீன் குழம்பு வாசம் மூக்கைத் துளைத்தது. வாசலில் கூட்டம். என்ன ஆயிற்றோ என்று பிளாரன்ஸ் விழுந்தடித்துக்கொண்டு ஓடினாள். ஒன்றும் ஆகவில்லை. பெண்களும் பிள்ளைகளும் கோப்பையும் கிண்ணமுமாக நின்றுகொண்டிருந்தார்கள். முதல் நாள் என்று லீவு போட்டிருந்த ஜெஸ்டின், கைலியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, கோயில் அசன விருந்துக்கு எடுக்கிற பெரிய பாத்திரத்திலிருந்து எல்லாருக்கும் அள்ளி ஊற்றிக்கொண்டிருந்தான்.

"இது என்ன கூத்து?"

"எனக்குத் தோணிக்கு வைக்கத்தான் தெரியும் பிளாரன்ஸு" என்றான் வேர்த்து விறுவிறுத்து. "நாலு பேருக்கு எப்படிக் குறைச்சு வைக்கிறதுன்னு கை வரமாட்டேங்குது. அரிசி போட்டேன், பத்தாத மாதிரி இருந்துச்சு. இன்னும் கொஞ்சம் போட்டேன்…"

ஊருக்கே தெரிந்துபோன பிறகு ஒளிக்க என்ன இருக்கிறது? எதிர்வீட்டுக்காரர் கிண்ணத்தை நீட்டிக்கொண்டே, "வெந்தயம் பத்தாது" என்றார். அவர் மனைவி அவரை மேலும் கீழும் பார்த்தாள். இன்றைக்கு அந்த வீட்டிலும் கச்சேரி இருக்கிறது. பக்கத்து வீட்டு வாசலில் அல்போன்சா மைனி நாற்காலியைப் போட்டு, காலைத் தூக்கி முக்காலியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "வெங்காயத்தை இன்னும் பொடிசா அரியும்!" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள். உள்ளிருந்து தண்டல் வளன், தோணியில் அத்தனை பேரையும் அதட்டுகிற மனிதர், "சரி" என்றார்.

ஜெஸ்டின் கூடத்தில் பாய் போட்டான். சரண்யாதேவிக்கு ஒரு தட்டு, பிளாரன்ஸுக்கு ஒரு தட்டு. சோறு சுடச்சுட இருந்தது. இந்த வீட்டில் தனக்கு ஒருவர் பரிமாறி, ஆவி அடங்குமுன்னே உட்கார்ந்து சாப்பிட்டது எப்போது என்று பிளாரன்ஸ் யோசித்துப் பார்த்தாள். நினைவுக்கு ஒன்றும் வரவில்லை. ஒரு வாய் எடுத்து வைத்தாள். மீன் ஒரு துண்டுகூட உடையவில்லை. மாதாவே, என்ன ருசி! அவள் வைக்கிறதைவிட நன்றாக இருந்தது. எரிச்சலாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

ஜெஸ்டின் கரண்டியோடு பக்கத்திலேயே நின்றான். நெற்றியில் வேர்வை, கையில் மஞ்சள், கண்ணெல்லாம் அவள் முகத்தில்.

"எப்படி இருக்கு?"

பிளாரன்ஸ் தட்டைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"ம்."

"ம்னா?" என்றான் ஜெஸ்டின். "விடியக்காலையிலருந்து நின்னு வச்சிருக்கேன். ஒரு வார்த்தை சொல்லேன்ளா."

சொன்ன உடனே அவனுக்கு விளங்கிவிட்டது. வாசலில் நின்ற பெண்கள் எல்லாருக்கும் விளங்கிவிட்டது. அவரவர் வீட்டு "ம்" அவரவர் காதில் கேட்டிருக்கும். ஜெஸ்டின் மெல்ல அவள் பக்கத்தில் பாயில் உட்கார்ந்தான்.

"அது… அதுக்கு நல்லாருக்குன்னு அர்த்தம் பிளாரன்ஸு" என்றான்.

"அப்படியா? இத்தனை வருசமா எனக்குத் தெரியாமப் போச்சே."

"ஞாயித்துக்கிழமை நீ வச்ச குழம்பு ரொம்ப நல்லாருந்துச்சு. அதுக்கு முன்னால வச்சதும். எல்லாமே." அவனுக்குக் கண் கலங்கியிருந்தது.

பிளாரன்ஸ் இப்போதுதான் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். "புளி?" என்றாள்.

ஜெஸ்டின் ஒரு நிமிஷம் யோசித்தான்.

"புளி கொஞ்சம் முந்திட்டுதான்" என்றான்.

சரண்யாதேவிக்குப் புரையேறியது. வாசலில் நின்ற பெண்கள் ஓவென்று சிரித்தார்கள். பிளாரன்ஸும் வாய் நிறையச் சோற்றை வைத்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்து, தட்டை அவன் பக்கம் நகர்த்தினாள்.

"இன்னும் ஒரு கரண்டி ஊத்துங்க" என்றாள்.